கல்லில் விழுந்த குழி

கணக்கப்பிள்ளை பொன்னையாவின் தாடையில் என் வீட்டுக்காரரின் சவரக்கத்தி பதிந்துவிட்டது. இரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையின் காலரில் சொட்டியது. "அடுத்த ஞாயித்துக்கெழமையும் இப்பிடிக் கீறுனேன்னா பத்துச்சீட்டுதான்டா ஒனக்கு" என்று சொன்னாராம்.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பத்துச்சீட்டு என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வேலையும் போகும், வரிசை வீடான லயத்தில் குடியிருக்கிற அறையும் போகும். அவர் பெயரைத் தோட்டத்து நாவிதர் என்று செக்ரோல் பதிவேட்டில் போட்டிருந்ததால்தான் எங்களுக்கு அந்த அறை. வெட்டுவதாக இருந்தால் கொழுந்து எடுக்கும் என் பெயரையும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். கணக்கப்பிள்ளை ஒரு வார்த்தை மேலே சொன்னால் போதும்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஓரிடத்தில் இருக்கவில்லை. விடிந்தால் கத்தி தீட்டுவார். எழுந்து வாசல்வரை போவார். திரும்பி வந்து மறுபடி தீட்டுவார். ஹட்டன் டவுனில் வாங்கிய தீட்டுக்கல் அது. அதன் நடுவில் தண்ணீரைத் தெளித்து, நடுவிலேயே கர்கர் என்று இழுப்பார். கூர் வந்துவிட்டதா என்று தன் கை முடியிலேயே சிரைத்துப் பார்ப்பார். புதன்கிழமைக்குள் அவருடைய இடது கை கோழி கிளறிய பாத்தி மாதிரி ஆகிவிட்டது. கத்தியோ முன்னைவிட மோசமாக இழுத்தது.

எனக்குப் பொறுமை கிடையாது. அதை மறைக்கவும் மாட்டேன்.

"அந்தக் கத்தியத் தேச்சே தின்னுருவீங்க போல" என்றேன்.

"தொழில்ல வாய வைக்காத, நாகு" என்றார்.

ராத்திரியிலும் அந்தக் கர்கர் ஓயவில்லை. பக்கத்து அறை வீரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒங்க வீட்டு எலி இன்னும் தூங்கலியா?" என்று கேட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை ரொட்டிக்குச் சம்பல் அரைத்தபோது மிளகாய் மசியவே இல்லை. குழவி இரண்டு ஓரமும் தொட்டது, நடுவில் தொடவில்லை. தேய்ந்து போன அம்மி, கொத்த வேண்டும். அப்போதுதான் அவருடைய கல் ஞாபகம் வந்தது. அவருடைய சீப்பை எடுத்து, அதன் நேரான முதுகைக் கல்லின் மேல் நெடுக வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு ஈர்க்குச்சி தாராளமாக நுழைந்து வெளியே வந்தது.

குற்றம் கத்தியில் இல்லை, கல்லில் குழி. பயத்தில் இவர் தேய்க்கத் தேய்க்கக் குழி ஆழமாகியிருக்கிறது. அந்தக் குழிக்குள் போய் வந்து கத்தியின் வாயும் கோணிவிட்டது.

கல்லை மட்டமாகத் தேய்த்தால் சரியாகும் என்று சொன்னேன். ஒத்துக்கொள்வாரா?

"கல்லு கத்தியத் தேய்க்கத்தான். கல்லத் தேய்ச்சா மிச்சம் என்னா இருக்கும்? இருக்கிறதே ரெண்டு வெரக்கடை கனம்" என்று கத்தினார். அவர் மாமாவிடம் தொழில் பழகிய காலத்தில், கல்லை மாமாவே பார்த்துக்கொள்வாராம். இவர் கத்தியை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அவர் தோட்டத்து மேல்பிரிவான மேல்கணக்கு லயத்துக்கு முடிவெட்டப் போயிருந்தார். கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். சொல்லாமல்தான். கல் உடைந்தால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்தும்தான்.

கல்லைக் கல்லோடு தேய்க்க மட்டமான இடம் வேண்டும். லயத்துத் தரை மேடும் பள்ளமும். தண்ணீர் பிடிக்கிற பீலியடிப் பாறை உருண்டை. எங்கள் மலையில் மட்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், பத்தாம் நம்பர் மலைக்கு மேலே இருந்த பழைய துரையின் சமாதி. வழுவழுவென்று கருங்கல் பலகை. இருந்தவரைக்கும் எங்களை மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கவிட்டவர், போன பிறகும் மட்டமான இடமாகப் பார்த்துப் படுத்திருந்தார். கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடை மணலைத் துணியில் சலித்து, பலகையில் தூவினேன். தண்ணீருக்குக் குறைவில்லை, ஆடி மழை பெய்துகொண்டிருந்தது. கல்லைக் குப்புறப் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். சந்தேகம் வந்து நிறுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை கண்முன்னால் வரும், மறுபடி தேய்ப்பேன்.

நான் கல்லோடு போனதைப் பார்த்து வீரம்மா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அவர் தலையில் கொங்காணிச் சாக்குக் கூடப் போடாமல் மழையில் ஓடிவந்தார்.

"அடிப்பாவி! கெடுத்துட்டியே!"

கல்லைக் கழுவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இரண்டு முனையும் வெளுத்திருந்தன. நடுவில் மட்டும் பழைய கறுப்பு அப்படியே இருந்தது.

"பாருங்க. நடுவுல பலகையத் தொடவே இல்ல" என்றேன்.

விரலால் தடவிப் பார்த்தார். கல்லை என் கையிலிருந்து வாங்கி, மண்டிபோட்டுத் தானே தேய்க்க ஆரம்பித்தார். நான் மணல் தூவினேன். கறுப்பு கொட்டைப்பாக்களவு ஆனது, மிளகாய் விதையளவு ஆனது, கடைசியில் இல்லாமலே போனது.

சனிக்கிழமை முழுக்க அந்தக் கல்லில் கத்திக்கு வாய் எடுத்து, தோல்வாரில் இழுத்தார். சோதிக்க அவர் கையில் முடி மிச்சமில்லை. என் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். கத்தி தொட்டதும் முடி இரண்டானது. வலித்தது, ஆனாலும் நான் திட்டவில்லை. அவர் முகம் மட்டும் தெளியவே இல்லை. மறுபடி எழுந்து வாசலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வெந்நீர் கொண்டுபோகிற சாக்கில் கணக்கப்பிள்ளை வீட்டு வராந்தாவுக்கு நானும் போனேன். அங்கே எங்களைப் போன்றவர்கள் உட்காரக் கூடாது, நிற்பதுதான் வழக்கம். ஓரமாக நின்றேன்.

வலது கன்னத்தில் கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கணக்கப்பிள்ளை கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருந்தார். மறு கன்னத்துக்கு நுரை பூசும்போது ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்னடா சின்னத்தம்பி, கையி நடுங்குது? காச்சலா?"

"இல்லைங்கய்யா. போன வாரம் நீங்க சொன்னீங்களே…"

"என்னா சொன்னேன்?"

"இன்னொருக்காக் கீறுனா பத்துச்சீட்டுன்னு."

"நானா? எப்படா?" கணக்கப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். பிறகு நுரை குலுங்கச் சிரித்தார். "அட போடா! வாய்க்கு வந்தத என்னமோ சொல்லியிருப்பேன். அதப்போயி மனசுல வச்சுக்கிட்டு!"

எத்தனை ராத்திரி! அந்த ஆளுக்கு ஞாபகம்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்தார், மடக்கினார், முக்காலியில் வைத்தார். நேரே போய் வராந்தாப் படியில் உட்கார்ந்தார்.

"டேய், இந்தப் பக்கத்த யாரு செரைப்பா?"

"செய்றேங்கய்யா. ஒரு வாரமா அசந்து உக்காரலிங்க. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."

கணக்கப்பிள்ளை எழப் பார்த்தார், மறுபடி சாய்ந்துகொண்டார். பாதி முகத்தோடு எங்கே எழுந்து போவார்? இடது கன்னத்தில் நுரை காய ஆரம்பித்தது. நான் வெந்நீரை மூடி வைத்துவிட்டு, போய்ப் படியில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.