சத்தம் போடாதவள்

காலை ஏழு மணிக்கு வலி எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்லில் தோசை ஊற்றிவிட்டு, வலி ஏறும்போது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, கீழ்த்தட்டில் எதையோ தேடுபவள்போலக் குனிந்து நின்றேன். வலி இறங்கியதும் தோசையைத் திருப்பினேன். ஒரு பக்கம் கருகியிருந்தது.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஆகும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவுசெய்திருந்தேன். தை மாதக் கடைசி. எங்கள் ஊரிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் ஒரு பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு பாதியில், கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றி வந்த டிராக்டர்கள் வரிசையில் நின்றன. ஒன்பது கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம். நான்கு நிமிடம் ஆனபிறகு, "இனிமே போக முடியாது, வழியிலயே பொறந்துடும்" என்று சொல்லிவிடலாம். அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டிலேயே ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருப்பவள் சொன்னால், மறுத்துப் பேச வீட்டில் யார் இருக்கிறார்கள்?

என் கணவன் பரிதியை மூன்று மாதமாகப் பேசிப் பேசிச் சரிக்கட்டி வைத்திருந்தேன். வீட்டில் பெற்றால் தேவையில்லாமல் ட்ரிப் ஏற்ற மாட்டார்கள், வெட்டித் தைக்க மாட்டார்கள், நான் பார்க்காத பிரசவமா என்றெல்லாம். அவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். நின்றுபோன மெஷினை வயலிலேயே கழற்றிப் பூட்டி ஓட்டிவிடுவான். "அவங்கவங்க மெஷினப் பத்தி அவங்கவங்களுக்குத்தானே தெரியும்" என்று சிரித்துவிட்டுத் தலையாட்டினான். ஒரு வாரமாகத் திருவையாறு பக்கம் அறுப்பில் இருக்கிறான்.

ஒத்துக்கொள்ளாதவர் அவனுடைய அம்மா கண்ணாத்தாள் அத்தைதான். மூன்று பிள்ளைகளை இதே மனையில், அன்றிருந்த கூரை வீட்டில் பெற்றவர். பரிதியும் அவன் அக்காவும் இருக்கிறார்கள். மூன்றாவது தங்கவில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். அவர்தான் என் பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன்.

பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னடி, கோழிக்குப் போடுற ஊசியா?"

"எனக்குத்தான் அத்த. புள்ள பொறந்ததும் போடணும். ரத்தம் நிக்கிறதுக்கு."

"யாரு போடுவா? நீயே குனிஞ்சு குத்திக்குவியா?"

"நீங்க இருக்கீங்கல்ல. காட்டித் தரேன்."

"நாத்து நடுற கை இது. ஊசி நடச் சொல்றியா?" குப்பிகளை இருந்த இடத்திலேயே வைத்து ஃப்ரிட்ஜைச் சாத்தினார். "ஊருல இருக்கவளுக எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வா, ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்புட்டுட்டு, நர்ஸம்மா மட்டும் வீட்டுல பெத்துக்கிட்டாங்களாம். கொள்முதல்ல நிக்கிற மூட்டைகூடச் சிரிக்கும்."

நானும் சிரித்தேன். சிரிப்பின் நடுவில் வலி வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"என்ன?"

"வாயு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காயப்போட்ட எங்கள் நெல்லைக் கிளறிவிட வேண்டுமென்று சாலைக்குப் போய்விட்டார்.

நான் சொன்ன காரணங்கள் எதுவும் பொய்யில்லை. ஆனால் அவற்றில் எதுவும் என் காரணம் இல்லை. வீட்டில் பெற்றால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. போன ஐப்பசியில் வீட்டில் பெற்றுவிட்டு ரத்தம் நிற்காமல் வந்த ஒருத்தியின் வயிற்றை, ஆம்புலன்ஸ் தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். அவள் பிழைத்தாள். என் யூனிஃபார்மில் பட்ட ரத்தக் கறை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. அப்படியிருந்தும் மருந்துக் கடைக்குப் போய் அந்தக் குப்பிகளை வாங்கினேன்.

எங்கள் வார்டில் ஒரு கேள்வி உண்டு. வலியில் கத்துகிறவளைப் பார்த்துக் கேட்பது. "அப்ப மட்டும் இனிச்சுதா?" படிக்கும் காலத்தில் ஒரு சீனியர் சிஸ்டர் அதைக் கேட்பது முதன்முதலாகக் காதில் விழுந்தபோது எனக்கு உடம்பு கூசியது. சில நாளில் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் நானே கேட்டேன். கேட்டதும் அந்தப் பெண்ணின் வாய் மூடிக்கொண்டது. இரவு பகலாக மூன்று டேபிள்களுக்கு ஒரு நர்ஸ் என்று நிற்கும் இடத்தில், ஒரு வாய் மூடிக்கொண்டால் எவ்வளவு நிம்மதி என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லோரையும் ஒரே மாதிரி நான் திட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவைப் போன்ற தெருக்களிலிருந்து வருகிறவர்களைத்தான் கூடுதலாகத் திட்டினேன். அவர்கள் என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை. அக்கா என்பார்கள். யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். டாக்டர் நிற்கும்போது அந்த 'அக்கா' எனக்கு வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நிலா அப்படித்தான் கூப்பிட்டாள். பத்தொன்பது வயது. "அக்கா, தண்ணி, அக்கா, கொஞ்சம் தண்ணி" என்று அரை மணி நேரம். அப்போது நான் இரண்டு மாதம் முழுகாமல் இருந்தேன், யாருக்கும் தெரியாது, குமட்டிக்கொண்டிருந்தது. அவள் தொடையில் ஓங்கி அறைந்தேன். அந்தக் கேள்வியையும் கேட்டேன். ஐந்து விரலும் பதிந்தன. ஒன்றும் ஆகவில்லை, நல்ல குழந்தை, மூன்று கிலோ. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டே வந்து என்னிடமும் நீட்டி, "தேங்க்ஸ்க்கா" என்றாள். நிஜமாகவே நன்றி சொன்னாள். தனக்கு நடந்ததும் பிரசவத்தின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தாள்.

அந்தச் சாக்லேட்டை நான் தின்னவில்லை, தூக்கியும் எறியவில்லை. கோட்டுப் பையிலேயே உருகி ஒட்டிக்கொண்டது. அதற்குப்பிறகு அந்த டேபிளைப் பார்க்கும்போதெல்லாம் அதில் கால் விரித்துப் படுத்திருப்பது நானாகத் தெரிந்தது. என்னை யாரும் அறைய மாட்டார்கள். சிஸ்டர், சிஸ்டர் என்று தாங்குவார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

பத்தரை மணிக்கு ஐந்து நிமிடம். பதினொன்றுக்கு, எழுந்து நடக்க முடியாமல் கூடத்தில் கையும் முழங்காலும் ஊன்றி இருந்தேன். வலிக்கு நடுவே குழந்தை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அசைந்தது. அடுத்த முறை வைத்தபோது தெரியவில்லை. கருவி இல்லாமல் இதயத் துடிப்பு கேட்க முடியாது. வாங்க வேண்டிய பட்டியலில் அதை எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் முறை லேசாக ஒரு உதை. இத்தனை வருடம் மற்றவர்களிடம் "அசைவு இருக்கா, இல்லையா, ஒழுங்கா சொல்லு" என்று அதட்டியிருக்கிறேன். இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாத இரண்டு நிமிடம் அது.

அத்தை வாசலில் நின்றிருந்தார். கையில் நெல் தள்ளும் பலகை.

"எப்பலேருந்து?"

"இப்பத்தான் அத்த."

"பொய் சொல்லாத. தட்டுல இருக்க தோசை ஒவ்வொன்னும் ஒரு பக்கம் கருகிக் கெடக்கு. உனக்கு தோசை சுடத் தெரியாதா?"

நான் வயிற்றிலிருந்து கையை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

"நேரம் போக்குறியா? போக முடியாம ஆவட்டும்னு பாக்குறியா?"

"இனிமே போனா வழியிலயே பொறந்துடும். ரோட்டுல பாத்தீங்கல்ல."

அவர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என்னைத் தொடவில்லை.

"மூணாவது எப்புடிப் போச்சுன்னு பரிதி உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குத் தெரியாது. அவங்கப்பாவே தெரியாமத்தான் போய்ச் சேந்தாரு. நடவுல நிக்கிறப்ப வலி. ரெண்டு பேரு சேந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாளுக. ஒங்க ஆஸ்பத்திரிதான், பழைய கட்டடம். முட்டி வரைக்கும் சேறு. கழுவக்கூட நேரமில்ல. உள்ள நர்ஸம்மா பாத்துட்டு, 'மாடு மாதிரி சேத்தோட வந்து நிக்கிறா, இந்தக் கால வச்சிக்கிட்டு என் டேபிள்ல ஏறுவியா'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எறங்கி வந்துட்டேன். ரெண்ட வீட்டுலயே பெத்தவ, இதப் பெக்க மாட்டனான்னு. ரோசம். கால் முன்னாடி வந்துச்சு. தல மாட்டிக்கிச்சு." தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ திட்டுனது என்னயத்தான். அதுக்கு எம்புள்ள என்ன பண்ணுச்சு?"

வலி வந்து என்னைக் குனிய வைத்தது. அது இறங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"ஒன்னு கேக்குறேன். நீயும் அப்புடித் திட்டுவியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நம்பவே விரும்பினார் என்பது முகத்தில் தெரிந்தது.

"திட்டியிருக்கேன் அத்த. அடிச்சும் இருக்கேன்."

வெளியே எங்கோ டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"அப்ப அங்கயே போயிப் படு. உன்ன மாதிரி ஒருத்தி கையிலதான் படுக்கணும். அதுக்குப் பயந்து எம்பேரப்புள்ளய நீ சாவடிக்க முடியாது."

நூற்றியெட்டுக்குப் போன் போட்டார். வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அவர் காத்திருக்கவில்லை. அதிராம்பட்டினத்திலிருந்து வாரம் மூன்று நாள் லோடு ஆட்டோவில் மீன் கொண்டுவரும் ஜெக்கரியா பாய் எங்கள் தெரு முனையில்தான் நின்று விற்றுக்கொண்டிருந்தார். அத்தை போய்த் தராசைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"ஏறும்மா, ஏறு. மீன் நாத்தம் அடிக்கும், மனசுல வச்சிக்காத" என்றார் பாய்.

"நெல்லு காயிற பக்கமா ஏத்தி ஓட்டுங்க பாய். நாங்க காயப்போட்ட நெல்லுதான் முதல்ல வருது, அதுமேலயே ஏத்துங்க. யாராச்சும் கேட்டா எம்பேரச் சொல்லுங்க."

சாலை நெடுகக் கேட்டார்கள். அத்தை சன்னல் வழியாகத் தலையை நீட்டி எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார். நெல்மணிகள் சக்கரத்தில் அரைபடும் ஓசையைக் கேட்டபடி நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நான் மறைத்த நான்கு மணி நேரமும் இப்போது ஒவ்வொரு டிராக்டருக்குப் பின்னாலும் எங்களை நிறுத்தி வைத்தது. பாதி வழியில் பனிக்குடம் உடைந்தது. கையால் தொட்டு நிறம் பார்த்தேன். தெளிந்த நீர். பச்சை இல்லை, குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடவில்லை. அப்போதுதான் முதல்முறையாக அழுதேன், சத்தமில்லாமல்.

அன்று டியூட்டியில் இருந்தது மாலதி. எனக்கு ஒரு வருடம் ஜூனியர்; இந்த வேலையை நான் பழக்கிவிட்டவள். பதறிப்போய் ஓடிவந்தாள். "சிஸ்டர், இவ்வளவு லேட்டாவா வர்றது? கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் தெறந்தாச்சு!" குழந்தையின் துடிப்பு நூற்று நாற்பது, நலமாகத்தான் இருந்தது. அந்த எண்ணைக் காதால் கேட்டபோது டேபிளின் ரெக்சின் என் முதுகில் சில்லென்று ஒட்டியது. துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்ற விதிப்படி அத்தை என் தலைமாட்டில் நின்றார். வார்டுச் செருப்பு போட்டிருந்தார். செருப்போடுகூட அந்தச் சிமெண்டில் காலை ஊன்றத் தயங்கி, ஒரு காலை மறு காலின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

மாலதி எனக்குத் தலையணை வைத்தாள். நெற்றியைத் துடைத்தாள். என் உதடு காய்ந்ததைப் பார்த்துக் கேட்காமலேயே தண்ணீர் கொடுத்தாள். நான் பயந்தது அப்படியே நடந்தது.

பக்கத்து டேபிளில், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. குரல் சின்னதாக இருந்தது. "அம்மா, முடியலம்மா, தண்ணிம்மா" என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கத்தக்கூடாது. இத்தனை பேரை வாய் மூட வைத்தவள் வாயைத் திறந்தால் அது என்ன நியாயம்? பொறுத்துக்கொள்வதுதான் எனக்கான தண்டனை என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மாலதி திரையை விலக்கினாள். "ஏய், இங்க பாரு. இவங்க யாரு தெரியுமா? எங்க சிஸ்டர். உன்ன விட அதிகமா வலிச்சிக்கிட்டிருக்கு. ஒரு சத்தம் வருதா பாரு. நீ மட்டும்தான் ஊருல இல்லாத புள்ள பெக்குறியா?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேர்வையில் முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. ஒரு பெரிய தப்பு செய்து பிடிபட்டவளின் கண்கள். அவள் சேலையைத் திரட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மாலதி திரையை மறுபடி இழுத்து மூடினாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. கை ஓங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா படுத்திருந்தேன்; அதையே எடுத்து மாலதி அவளை அடித்துவிட்டாள்.

அடுத்த வலி கிளம்பியது. இடுப்பிலிருந்து அது ஏறுவது தெரிந்தது. பற்கள் தானாகச் சேர்ந்தன. நான் அவற்றைப் பிரித்தேன். அது வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு கத்தினேன்.

என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடிவயிற்றிலிருந்து, மாடு கத்துவதுபோல, கொச்சையாக, நீளமாக வந்தது. அம்மா என்றேன், ஐயோ என்றேன், அதற்குமேல் வார்த்தை இல்லாமல் வெறும் சத்தமாகக் கத்தினேன். வாசலில் ஆயா எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர்," மாலதி திகைத்துப்போய் என் கையைப் பிடித்தாள், "சிஸ்டர், நீங்களே இப்படி..."

"கத்தட்டும் விடும்மா." அத்தையின் குரல். "ரெண்டு பேரும் கத்தட்டும். வலிக்குதுல்ல."

திரைக்கு அந்தப் பக்கம் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வாயிலிருந்து துணியை எடுக்கும் இருமல். பிறகு அவளும் கத்தினாள்.

"மாலதி," மூச்சு கிடைத்தபோது சொன்னேன், "அவளுக்குத் தண்ணி குடு."

மாலதி அசையவில்லை. என் காலடியில், குழந்தையின் தலை வரும் இடத்தில் நின்றாக வேண்டும் அவள். என் தலைமாட்டிலிருந்த தண்ணீர் பாட்டிலை அத்தை எடுத்தார். வார்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வெறுங்காலோடு, இரண்டு டேபிளுக்கும் நடுவே இருந்த அந்த ஈரச் சிமெண்டில் நடந்துபோய், திரையை விலக்கினார்.