அருவிக்கடியில் அளித்த சம்மதம்

இந்தியக் குடியரசின் வரலாற்றை எழுதப் புகுகிற எவரும் தென்காசி வக்கீல் தில்லைநாயகத்தைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. தில்லைநாயகமே பல மேடைகளில் சொன்னது இது. அதன் பிறகு வரலாறு எழுதினவர்கள் எல்லாரும் சிரமமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

சென்னையில் சட்டம் படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பல வருஷம் ஒப்பந்தச் சட்டம் நடத்தியவர் அவர். "இரண்டு மனசும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றால்தான் சம்மதம். வெறுமனே தலையாட்டினால் ஆகாது" என்று அவர் முழங்கும்போது, எதிரே பாதி வகுப்பு தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்.

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தலில் தென்காசிக்குக் கட்சி தன்னைத்தான் நிறுத்தும் என்று நம்பி, வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து வக்கீல் போர்டு மாட்டினார். டெல்லிக்குப் போக வேண்டும். அதுவும் தென்காசி எம்.பி.யாகத்தான் போக வேண்டும். குறுக்கே நின்றது ஒரே ஆள், அரிசி ஆலை நல்லதம்பி. நல்லதம்பிக்குப் பேச வராது. கூப்பிட்டால் ஆள் வரும். தில்லைநாயகத்துக்குப் பேச மட்டும் வரும்.

யாருக்கு சீட்டு என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து கட்சி மேலிடத்தின் ஆளாக ஏகாம்பர முதலியார் வந்தார். சரியாகச் சாரல் சமயம் பார்த்து வந்து குற்றாலத்தில் தங்கினார். பங்களாவில் கூட்டம் தாங்கவில்லை. "நாளைக் காலையில் அருவிக்கு வாரும், தனியாகப் பேசுவோம்" என்று வக்கீலுக்கு ஆள் அனுப்பினார்.

"குத்தாலத் தண்ணி உங்களுக்கு ஆகாதே. வெந்நியிலயே ரெண்டு செம்புக்கு மேல ஊத்துனா தும்முவீகளே" என்றாள் மனைவி தங்கபுஷ்பம்.

"நாட்டுக்காகக் குளிக்கேன்."

"போன வாரம் வீட்டுக்காகக் குளிங்கன்னு சொன்னேன். அப்பம் முடியலையாக்கும்."

மறுநாள் காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு, அருவிக்கரையில் தேசத் தலைவராக நின்றார் தில்லைநாயகம். முதலியாரிடம் எடுத்துவிட ஓர் உரை தயாராக இருந்தது. மத்திய, மாநில அதிகாரப் பங்கீட்டிலிருந்து தொடங்கும். சட்டையில்லாமல் நின்றால் அரசியல் சட்டம் ஞாபகத்துக்கு வராது என்பது அவருக்கு அங்கேதான் தெரிந்தது. அத்தனை ஈரத் தொப்பைகளுக்குள் முதலியாருடையது எது என்பதும் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏந்தி நின்ற டிரைவரை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

முதலியார் அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்கடியில் இழுத்துக்கொண்டு போனார். முதுகில் யாரோ மூட்டை மூட்டையாக இறக்கினதுபோல் இருந்தது. முதலியாரின் வாய் திறந்தது, மூடியது. ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை. 'ஜெயித்துவிடுவீரா?' என்று கேட்கிறார் போலும். தலையாட்டினார். வாய் மறுபடியும் திறந்தது. 'கட்சிக்குக் கடைசி வரை உழைப்பீரா?' என்பதாக இருக்கும். இன்னும் வேகமாக ஆட்டினார். மூன்றாவது முறை முதலியார் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். தில்லைநாயகம் வாய் நிறையச் சிரித்து, கும்பிட்டு, இடுப்பு வரைக்கும் வளைந்து ஆட்டினார்.

முதலியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கரையேறியதும் டிரைவர் கையிலிருந்த உலர்ந்த துண்டை வாங்கி வக்கீல் தோளில் பொன்னாடையாகப் போர்த்தினார். குளிக்க வந்த கூட்டம் கை தட்டியது. சீட்டு கிடைத்துவிட்டது என்று தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

மத்தியானம் குமாஸ்தா கிதிர் முகம்மது வந்தார். முகத்தைப் பார்த்தால் வாய்தா கிடைக்காத முகம்.

"வக்கீலய்யா, முதலியார் டிரைவரைப் பாத்துட்டு வாரேன். சீட்டு நல்லதம்பி அண்ணாச்சிக்காம். நீங்களே விட்டுக் குடுத்துட்டீகளாமே."

"நான் எப்பம் வே விட்டுக் குடுத்தேன்?"

"தண்ணிக்குள்ள. மூணு மட்டம் கேட்டாராம். மூணு மட்டமும் சிரிச்சிக்கிட்டே ஆட்டுனீகளாம். நல்லதம்பிக்காக ஊர் ஊராப் பேசவும் ஒத்துக்கிட்டீகளாம்."

தில்லைநாயகம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வெறும் தலையாட்டு சம்மதமாவாதுன்னு நீங்கதான சொல்லுவீக? கேஸு போட்டுருவமா?"

"சாட்சிக்கு யாரைக் கூப்பிட?"

"அருவியத்தான் கூப்பிடணும். அது வாயத் தொறந்தா நிறுத்தாது, வக்கீல் மாதிரி."

உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால், காதில் விழாத கேள்விக்குப் பூம்பூம் மாடாய்த் தலையாட்டினவர் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் தியாகி. எந்தப் பக்கம் வாதாடுவது என்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து சிவகிரி வரை நல்லதம்பிக்காகத் தொண்டை கிழியப் பேசினார். 'தியாகச் செம்மல்' என்று வழியெல்லாம் தட்டி வைத்தார்கள். நல்லதம்பி ஜெயித்து டெல்லிக்குப் போனார்.

தியாகத்துக்குக் கூலியாக இரண்டு வருஷம் கழித்து ராஜ்ய சபையில் இவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கே ஹிந்தியில் பேசினால் ஒரு தரமும் இங்கிலீஷில் பேசினால் இரண்டு தரமும் தலையாட்டினார். 'ஆழமான மனிதர்' என்று டெல்லியில் பெயர் வந்தது. தென்காசி எம்.பி. என்று யாராவது அறிமுகப்படுத்தினால் மட்டும், அது நல்லதம்பி என்று அவரே திருத்த வேண்டியிருந்தது.

பதவி கையில் இருக்கிற தைரியத்தில், சபை நடக்காத மாதங்களில் ஊருக்கு வந்து, கோர்ட்டு வக்கீல்கள் நடுவில் உட்கார்ந்து இந்தக் கதையைத் தானே சொல்லிச் சிரிப்பார். "அருவி போட்ட சத்தத்தில் தொகுதியைத் தொலைச்சவன் நான் ஒருத்தன்தான் வே" என்பார்.

அன்று அந்த அருவிக்கடியில் மற்றவர்கள் எல்லாரும் கத்திப் பேசிக்கொண்டுதான் குளித்தார்கள். தில்லைநாயகம் ஜலதோஷத்துக்குப் பயந்து இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தார்.