அப்பா அசைத்த தொப்பி

சனி, ஞாயிறு பயணங்களில் எந்தச் சாப்பாட்டுக் கடையானாலும் அப்பாதான் முதலில் உள்ளே போவார். சலாம் சொல்லி, மேசைகளில் பீர் இல்லை என்று பார்த்து உறுதிசெய்துகொண்டு, வாசலில் நின்று தொப்பியை அசைப்பார். அதன்பிறகுதான் நாங்கள் காரிலிருந்து இறங்குவோம்.

அவர் இறந்த பிறகு அம்மா வெளியே எங்கும் சாப்பிடுவதில்லை. நேற்று தாத்துங் நகரிலும், ஹலால் பலகை மாட்டிய கடைமுன் காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பலகைய யாரு வேணா மாட்டலாம். எனக்கு அவிச்ச முட்டை இருக்கு."

"முட்டையாத் தின்னு நீ கொக்கரிக்கப் போறம்மா," என்றாள் தங்கை ஷியாவ்யுன்.

நான் இறங்கிப்போய் சலாம் சொன்னேன். சரியாகச் சொன்னேனா, தெரியவில்லை. நூடுல்ஸ் மாவை இழுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் பதில் சலாம் சொன்னார். மேசைகளில் தேநீர் மட்டுமே இருந்தது. என்னிடம் தொப்பி இல்லாததால் வாசலுக்கு வந்து மஃப்ளரை அசைத்தேன்.

அம்மா முட்டைப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"உங்கப்பா இவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டாரு," என்றார்.