இடுப்புப் பட்டி

மூன்று வருடங்களுக்கு முன்னால், சென்னையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் வாசலில், நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தமிழினியின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். டிபன் பாக்ஸ், சீப்பு, மாத்திரை அட்டை எல்லாம் விழுந்த பிறகு கடைசியாக விழுந்தது ஒரு பழைய ஜீன்ஸ் பேண்ட்.

அது ஜெயஸ்ரீயுடையது. எழுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க ஜீன்ஸை அச்சு அசலாகத் திரும்பத் தைத்து விற்கும் கடை வைத்திருந்தார் அவர். எவனோ ஒரு ரயில்வே தொழிலாளி போட்டுத் தேய்த்த அந்தப் பேண்ட்டைத் தேடிப் பிடித்து வாங்கி, மாதிரிக்கென்று கம்பெனியில் கொடுத்திருந்தார். தமிழினி அங்கே பேட்டர்ன் மாஸ்டர், துணி வெட்டுவதற்கான காகித அச்சுகளைப் போடுபவள். நான்கு மாதம் அந்தப் பேண்ட்டை அளந்து அளந்து பேட்டர்ன் போட்டவள் அவள்தான். புரொடக்‌ஷன் மேனேஜர் பார்த்திபன் அதைத் தன் வேலையென்று ஜெயஸ்ரீயிடம் காட்டினான். தமிழினி மறுத்துப் பேசிய மூன்றாம் நாள் அவள் பைக்குள் பேண்ட் வந்தது.

"எங்கேர்ந்து வந்தாளோ அந்தப் புத்திதானே இருக்கும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான் பார்த்திபன். ஜெயஸ்ரீயும் அங்கேதான் நின்றிருந்தார். கீழே கிடந்த பேண்ட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டாரே தவிர, தமிழினியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊர் திரும்பிய தமிழினி, செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் உரக்கடை மாடியில் ஆறு மெஷின் போட்டாள். காலையில் தொண்டூர் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களை வைத்துப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தாள். நேரம் கிடைத்தபோதெல்லாம் அந்த ஜீன்ஸை மறுபடி தைத்துப் பார்த்தாள். அளவுகள் அத்தனையும் மனசில் இருந்தன. முதல் மூன்று பேண்ட் உதவவில்லை. நான்காவது, தண்ணீரில் போட்டு எடுத்ததும், அந்தக் கால ஆள் ஒருவன் அதற்குள் நிற்பதுபோல் வந்து நின்றது. அதை மடித்து, கடிதம் எதுவும் வைக்காமல், ஜெயஸ்ரீக்குக் கூரியர் செய்தாள்.

நான்காம் நாள், கூரியர் சீட்டில் இருந்த நம்பருக்கு ஜெயஸ்ரீ போன் செய்தார்.

"இதத் தச்சது யாரு?"

"நீங்க திருடின்னு நெனச்சவ."

ஜெயஸ்ரீ நேரில் வருவதாகச் சொன்னார்.

அதே வாரம் பார்த்திபனும் கூப்பிட்டான். யாரிடமோ நம்பர் வாங்கியிருந்தான். "நடந்தது நடந்துபோச்சி, தமிழினி. மனசுல வச்சிக்காதம்மா. மூணு வருஷமா அந்த ஜீன்ஸ் ஃபிட்டே நிக்கல. நாலு சாம்பிள் ரிட்டர்ன். ஓனர் கழுத்துமேல உக்காந்திருக்காரு. நீ ஒரு கை பாத்து குடு."

தமிழினி நிதானமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வாங்க சார். புது சாம்பிள் எடுத்துக்கிட்டு வாங்க, தண்ணி படாததா." பிறகு ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டு, அதே ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு வரச் சொன்னாள்.

ஞாயிறு அமாவாசையாக வாய்த்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவில் கார் மாட்டி, வியர்த்து ஒழுகியபடி வந்து சேர்ந்தான் பார்த்திபன். லீவு நாளென்றும் பாராமல் ஆறு பெண்களையும் வரவழைத்திருந்தாள் தமிழினி. சோடா வாங்கிக் கொடுத்தாள். அவன் நீட்டிய சாம்பிளைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் அவள் போட்ட பேட்டர்ன். அந்தத் தொடை வளைவு, அந்தப் பின்பக்க ஏற்றம். இடுப்புப் பட்டி மட்டும் அவன் வேலை.

"தப்பு எங்க இருக்குது?" என்றான்.

"வாயால சொன்னா வெளங்காது சார். இது உங்க சைஸ்தானே? அந்தக் காலத்து ஆளுங்க பண்ண மாதிரி நனைச்சிப் போட்டுக்கிட்டு வெயில்ல நில்லுங்க. ஒடம்புல காஞ்சா தப்பு தானா தெரியும்."

அது உண்மையான வழிதான் என்பது அவனுக்கும் தெரியும். அண்டாவில் சுடுதண்ணீர் தயாராக இருந்தது. நனைத்து எடுத்த பேண்ட்டை மாட்டிக்கொண்டு, ஜிப்புக்குப் பதிலாக இருந்த ஐந்து பட்டனையும் போட்டு, மொட்டை மாடிக்குப் போனான். சித்திரை வெயில். எதிரே கோட்டை மலையான ராஜகிரியின் பாறைகள் அனலைத் திருப்பி அடித்தன. நிழலில் ஒதுங்கப் போனபோதெல்லாம், "வெயில்லயே நில்லுங்க சார், பாதி காஞ்சா ஃபிட்டு தெரியாது" என்று அவனை இழுத்து நிறுத்தினாள்.

ஆலையிலேயே நனைத்துச் சுருக்கி அனுப்பாத துணி அது. நீளவாக்கில் நிறையச் சுருங்கும், அகலவாக்கில் அதில் பாதிகூடச் சுருங்காது. இடுப்புப் பட்டியை நீளவாக்கில்தான் வெட்டுவார்கள். அதனால் மற்ற பாகத்தைவிடப் பட்டிதான் அதிகம் இழுக்கும். அதற்குத் தக்கபடி பட்டியை நீளமாக விட்டுத் தைக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தமிழினி எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. பட்டிக்குப் பேட்டர்னும் போட்டதில்லை, துணியிலேயே அளந்து வெட்டுவாள். அவன் திருடிய காகிதங்களில் இல்லாதது அது ஒன்றுதான்.

பன்னிரண்டரைக்குப் பட்டி அவன் வயிற்றைக் கவ்வியது. ஒரு மணிக்குப் பேச்சு திணறியது. படியிறங்கி வந்தவனின் பாதம் முழுக்கச் சாய நீலம்.

"கழட்டணும், தமிழினி. பட்டன் வரமாட்டேங்குது. மூச்சு முட்டுது."

விறைத்த துணியின் துளைகள் இரும்புப் பட்டன்களை இறுக்கிப் பிடித்திருந்தன. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைக் கையில் எடுத்தாள் தமிழினி. அந்நேரம் படியேறி வந்தார் ஜெயஸ்ரீ. அவரைப் பார்த்ததும் பார்த்திபனின் முகம் செத்துப்போனது.

"மேடம், நீங்க இங்க..."

"மேடத்துக்கிட்ட சொல்லுங்க சார்" என்றாள் தமிழினி. "உங்க ஃபைல்ல பட்டிக்குப் பேட்டர்ன் எங்க?"

"தொலைஞ்சி... தொலைஞ்சிபோச்சி."

"இருந்தாத்தானே தொலையும். போட்டவளுக்கு அது தெரியும். எடுத்தவனுக்கு எப்படித் தெரியும்?"

ஜெயஸ்ரீ அவனையே பார்த்தார். "அப்போ என் பேண்ட்ட இவ பையில வச்சது யாரு, பார்த்திபன்?"

அவன் பட்டனோடு மல்லாடினான். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

"சொல்லுங்க. சொன்னாத்தான் பிரிப்பேன்" என்றாள் தமிழினி.

"டென்ஷன்ல... நான்தான்."

"மெஷின் சத்தத்துல இவங்களுக்குக் கேக்கல" என்றாள் தமிழினி, பெண்களைக் காட்டி.

மெஷின்கள் எப்போதோ நின்றிருந்தன. ஆறு பெண்களும் எழுந்து நின்றார்கள்.

"நான்தான் வச்சேன்! பேட்டர்னும் அவளுது!" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவசரப்படாமல், ஒவ்வொரு தையலாக எண்ணுவதுபோல் பட்டியைப் பிரித்தாள். அவன் தன் பேண்ட்டை வாரிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினான். வெளியே வந்தவன் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனான்.

ஜெயஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்தார். "மன்னிச்சிடு, தமிழினி. ஆர்டர் மொத்தமும் உனக்குத்தான்."

"அன்னிக்கு நீங்களும் அங்கதான் நின்னீங்க, மேடம். ஒரு வார்த்த கேக்கல."

ஜெயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆர்டர் எடுக்கறேன். அதுக்கு முன்ன நீங்க அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போவணும். ஷிஃப்ட் விடற நேரத்துல, நாப்பது பேரும் வெளிய வரப்போ நடந்ததச் சொல்லணும்."

"நான் ஓனர்கிட்ட பேசறேனே..."

"அவருகிட்டயும் பேசுங்க. ஆனா கேட்டுல சொல்லணும்."

"போறேன்" என்றார் ஜெயஸ்ரீ.

அவர் போனதும், "மனசு ஆறிச்சாக்கா?" என்று கேட்டாள் அமலா, மெஷின்காரிகளில் மூத்தவள்.

"இல்லடி" என்றாள் தமிழினி. ஆறிவிடும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

புதன்கிழமை ஜெயஸ்ரீ சொன்னபடி போனார். அன்று சாயந்திரம் தமிழினியின் போன் ஓயவே இல்லை. பழைய தோழிகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி கூப்பிட்டார்கள். ஏழு பேர் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அன்றைக்கு ஒருத்தியாவது வாய் திறந்திருக்கலாம். எட்டாவதாக மீனம்பாளின் பெயர் வந்தது. கொட்டிக் கிடந்த சாமான்களைக் குனிந்து பொறுக்கிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். எடுத்தாள்.

"நல்லா இருக்கியாடி?" என்று கேட்கும்போதே மீனம்பாள் அழுதாள்.

"எனக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கேன். அவன் எப்படி இருக்கான்? அத மொதல்ல சொல்லு."

"சீட்டக் கிழிச்சிட்டாங்க. அட்டப்பெட்டியத் தூக்கிக்கினு போனான். ஒருத்தரும் அவன்கிட்ட பேசல."

தமிழினி ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"ஆரம்பத்துலேர்ந்து சொல்லு" என்றாள். "ஒன்னும் விடாத."