பிள்ளையாருக்கு நேராகப் போன வயர்

மீற்றரின் எண் அரை அம்பியரிலிருந்து பூச்சியத்துக்கு விழுந்தபோது நவரத்தினத்துக்கு முதலில் வந்தது சந்தோஷந்தான். பற்றரியைக் குடித்துக்கொண்டிருந்த, ஐந்து வாரமாகத் தேடிய கள்ளன் அகப்பட்டுவிட்டான். அடுத்த மூச்சில்தான், கையில் கழன்று வந்திருந்த அந்த மெல்லிய சிவப்பு வயரை யார் போட்டது என்பது நினைவுக்கு வந்தது. அவரேதான். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மனைவி சுபோதினி பக்கத்தில் ரோச் லைற் பிடித்துக்கொண்டு நிற்க, அவரே தன் கையால் போட்ட வயர்.

மின் பொறியியலாளராக முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். பென்ஷன் எடுத்த கையோடு பழைய பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் பூட்டி, ஓடும் வீடாக்கிக்கொண்டார். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு காரின் இடத்தை அடைத்துக்கொண்டு அது நிற்கிறது. ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். நிற்கும்போது பற்றரி இறங்கிப்போகாமல் துண்டித்து வைக்கவென்று கதவடியில் ஒரு சிவப்புச் சுவிச் உண்டு. அதைப் பூட்டியவர் தெமட்டகொடை ஸஹாப்தீன். வாகன வயர் வேலையில் கைராசிக்காரர் என்று பெயர்.

சுவிச்சை அணைத்தாலும் பற்றரி இறங்கிக்கொண்டே இருந்தது. ஸஹாப்தீன் வந்து பார்த்தார், புதுச் சுவிச் போட்டார், அதற்கும் அதே கதை. இரண்டாந்தரம் வந்தபோது, "சேர், ஒரு வயர் சுவிச்சத் தாண்டி நேராப் போகுது போல, பாக்கட்டா?" என்று கேட்டிருந்தார். "நான் இஞ்சினியர். வயர் எனக்குத் தெரியும், நீர் சுவிச்சைப் பாரும்" என்றார் நவரத்தினம். அந்தச் சொல் இப்போது காதுக்குள் கேட்டது.

நேராகப் போன வயர் பிள்ளையாருக்குப் போனது. சாரதி ஆசனத்துக்கு மேலே, படத்தின் பின்னால் சிவப்பும் பச்சையுமாய்ச் சுற்றுகிற ஒளிவட்டம். பிள்ளையாரை இருட்டில் வைக்கக்கூடாது, பஸ் நின்றாலும் அது நிற்கக்கூடாது என்றாள் சுபோதினி. சுவிச்சைக் கேட்காமல் பற்றரியிலிருந்தே நேராக இழுத்துக் கொடுத்தார். சின்ன விளக்குத்தானே, என்ன குடிக்கப்போகிறது என்ற எண்ணம். அது ஒரு கிழமையில் பற்றரியையே குடித்து முடித்தது. பாடசாலைப் பிள்ளைகூட அம்பியரையும் மணித்தியாலத்தையும் பெருக்கிப் பார்த்திருக்கும்.

இதோடு போயிருந்தால் வீட்டுக்குள் சிரித்து முடிந்திருக்கும். போன மாதம் ரொறன்ரோவிலிருந்து மகள் தாரிகா குடும்பத்தோடு வந்தாள். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஹபரணையில் பற்றரி இறங்கி, குளிர்ப்பெட்டி நின்றது, காற்றாடி நின்றது, தண்ணீர் மோட்டரும் நின்றது. "மாமா, நீங்கள் எலெக்ட்ரிக்கல் இஞ்சினியர் எல்லோ?" என்று மருமகன் பகிடியாகத்தான் கேட்டான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நவரத்தினம் அன்றிரவே அடுக்குமாடியின் வட்ஸ்அப் குரூப்பில் எழுதினார்: ‘தெமட்டகொடை ஸஹாப்தீனிடம் வேலை கொடுக்காதீர்கள். போலிச் சாமான் பூட்டி ஏமாற்றுகிறவர்.’ கீழே நம்பரையும் போட்டார். நாற்பத்தெட்டு வீட்டுக் குரூப். பதினொரு பேர் கட்டை விரல் காட்டினார்கள். நாலாம் மாடிக்காரர் ஒருவர், ‘அவங்கட ஆக்களே எல்லாரும் இப்பிடித்தான்’ என்று எழுதினார். அதற்கு நவரத்தினமும் ஒரு கட்டை விரல் போட்டார். ஏன் போட்டார்? கோபத்தில் விரல் போனது என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டார். இப்போது அந்த விரலைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

பத்து மணிக்கு ஸஹாப்தீன் வருவார். அவராகவே நேற்று அழைத்து, "நான் போட்ட சுவிச் சேர், நானே வந்து பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். குரூப்பில் எழுதியது அவருக்குத் தெரியாது என்று நவரத்தினம் நினைத்துக்கொண்டிருந்தார். வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தார். ஆனால் கை அந்த வயரின் மறுமுனையையும் பிடுங்கி, சுருட்டி, காற்சட்டைப் பைக்குள் திணித்தது.

ஸஹாப்தீன் குனிந்து வேலையைத் தொடங்கினார். ஐம்பது தாண்டிய மனிதர், முழங்கால் வலியோடு தரையில் இருந்தார். சுவிச்சை அணைத்து மீற்றரை வைத்தார். பூச்சியம். போட்டு, அணைத்து, மறுபடி வைத்தார். பூச்சியம். சுவிச்சைக் கழற்றிப் பத்திரிகைத் தாளில் வைத்து, உள்ளே இருந்த செம்புத் தகட்டை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒவ்வொரு பியூஸாக இழுத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம். இல்லாத பிழையை ஒரு மனிதன் இவ்வளவு நேர்மையாகத் தேடுவதை, பையில் கையை விட்டபடி, நவரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார். இடையில் சுபோதினி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"ஸஹாப்தீன் நானா, பிழை பிடிபட்டதோ?"

"இல்ல மேடம். மாயமா இரிக்கி."

"இவருக்கே விளங்கயில்லை எண்டால் பாருங்கோவன்" என்றாள் அவள், பெருமையாக. நவரத்தினத்துக்கு அவள் அந்தப் பெருமையோடு படியேறிப் போனதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

ஸஹாப்தீன் தேத்தண்ணியைக் குடித்தபடி முன்பக்கம் பார்த்தார். பார்வை சாரதி ஆசனத்துக்கு மேலே போய் நின்றது.

"சாமிட லைட் சுத்தல்லியே, சேர்."

நவரத்தினம் பைக்குள் இருந்த வயரை இன்னும் உள்ளே தள்ளினார்.

"போன முற சுத்திக்கிட்டு இருந்திச்சி."

"அது... பழுதாப் போச்சு" என்றார் நவரத்தினம். முழுப் பூசணிக்காய், சோறோ ஒரு கரண்டிகூட இல்லை.

ஸஹாப்தீன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மீற்றரைப் பையில் வைத்து, சுவிச்சைப் பழையபடி பூட்டி, தாளை மடித்தார். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நவரத்தினம் திருப்பித் திட்டியிருப்பார், அதில் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருப்பார். ஒளிய இடம் கிடைக்கவில்லை.

வாசலடிக் குழாயில் கை கழுவிவிட்டு ஸஹாப்தீன் ஸ்கூட்டரடியில் நின்றார்.

"சேர், ஒரு உதவி. உங்கட பில்டிங் குரூப்பில, சுவிச் நல்ல சாமான் எண்டு ஒரு வரி மட்டும் போட்டுடுங்க. இந்த லேன்ல மூணு பேர் வேல வாணாம் எண்டு செல்லிட்டாங்க."

"உமக்கு... ஆர் காட்டினது?"

"காட்டினாங்க சேர். எல்லாத்தையும் காட்டினாங்க." நிறுத்தினார். "லைட்டப் பத்தி ஒண்டும் எழுத வாணாம். மேடம் மனசு நோகும்."

எல்லாத்தையும் என்றால் அந்தக் கட்டை விரலையும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மனிதர் வந்து முக்கால் மணி நேரம் தரையில் இருந்தார். போகும்போதும் தன் பெயருக்கு ஒரு வரிதான் கேட்கிறார். நவரத்தினத்தின் மானத்துக்கு அவரே மூடி போட்டுத் தருகிறார். வாய்விட்டு அழுதால் நல்லது போலிருந்தது. அறுபத்தாறு வயதில் ஒழுங்கை வாசலில் அழவும் வெட்கமாக இருந்தது.

கைபேசியை எடுத்தார். ‘ஸஹாப்தீன் பூட்டிய சுவிச் நல்ல சாமான்’ என்று எழுதினார். பொய்யில்லாத வசனம். அனுப்பினால் ஸஹாப்தீன் போய்விடுவார், சுபோதினி மத்தியானச் சமையலைப் பார்ப்பாள். பெருவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது. பிறகு எழுத்தெழுத்தாக எல்லாவற்றையும் அழித்தார். ‘நான்’ என்று தொடங்கினார். அடுத்த சொல் வரவில்லை. ‘நான்’ என்பதையும் அழித்து, மறுபடி ‘நான்’ என்றே எழுதினார்.

ஸஹாப்தீன் தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடி, எங்கேயோ பார்ப்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நவரத்தினம் தலையை நிமிர்த்தினார். இரண்டாம் மாடிப் பல்கனியில் சுபோதினி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நவரத்தினம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று குரூப்பில் காட்டியிருக்க வேண்டும். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, அவள் காத்திருந்தாள்.