ஆறு இறக்கைகள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மாமி ஜெஸீமா, கலியாணத்துக்குப் பின் முதல்முறையாக, மகன் நஸ்ரி குடியிருக்கும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். அதற்காக மருமகள் ரிஸ்னா புதன்கிழமையே வீடு முழுவதையும் கழுவித் துடைத்தாள். வியாழன் காலையில், விருந்தினர் உட்காரும் ஹோலின் மின்விசிறியைப் போட்டபோது, அது கழன்று விழப்போவதுபோல் ஆடியது.

நஸ்ரி நிமிர்ந்து பார்த்தான். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் கைபிடி உடைந்ததற்கே புதிது வாங்கியவன் அவன். டவுன் கடையில் ரிமோட்டோடு ஒரு ஃபேன் வந்திருக்கிறது, துறைமுகத்தில் வேலை முடிந்து வரும்போது தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றான்.

அந்த ஃபேனை ரிஸ்னாவும் கண்ணாடிக்கு முன் நின்று பார்த்திருக்கிறாள். ஆசையும் இருந்தது. ஆனால் இந்த வீட்டைச் சாமான்களோடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது அவளைப் பெற்ற உம்மா. கிண்ணியா ஊரில் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை ஃபேன் வாங்கி மாட்டினால், பெண் வீட்டார் கொடுத்தது சரியில்லை என்று அது மாமி வீட்டில் ஒரு கதையாகிவிடும். உம்மாவின் காதுக்கும் வரும்.

“இண்டைக்கு வாங்காதீங்க. நான் ஒருக்காப் பார்க்கிறன்.”

“சரி, பி.எஸ்ஸி. படிச்ச ஆள் பார்க்கட்டும். என்ட உம்மாட தலையில மட்டும் விழுத்திப் போடாத.”

அவன் போனபின் அறை மின்விசிறியைப் போட்டாள். அதுவும் ஆடியது. இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா? நேற்று இரண்டின் இறக்கைகளையும் கழற்றி, கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒன்றாகக் காயவைத்தது நினைவுக்கு வந்தது. ஆறும் வெள்ளை, ஆறும் ஒரே நீளம். எது எந்த விசிறியுடையது என்று பார்க்காமல், கையில் வந்ததை எடுத்துப் பூட்டியிருந்தாள்.

மேசையில் ஏறி ஆறையும் இறக்கினாள். குசினியிலிருந்து கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசை எடுத்துவந்து ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்று ஒரே நிறை. மற்ற மூன்றும் சற்றுப் பாரம்; நிறை கலந்து பூட்டியதால்தான் ஆட்டம். பாரமான மூன்றை ஹோலிலும் மற்ற மூன்றை அறையிலும் பூட்டி, ஹோல் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசற்படியில் போய் நின்றுகொண்டாள். விசிறி ஆடாமல் சுற்றியது.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடிந்ததும் மாமி கதிரையை ஹோல் விசிறிக்குக் கீழேதான் இழுத்துப் போட்டார். மேலே பார்த்தார்.

“உங்கட உம்மா நல்லதாத்தான் வாங்கித் தந்திரிக்காங்க. எங்கட வீட்டு ஹோல் ஃபேன் பெருநாளிலயிருந்து ஒரே ஆட்டம். புதுசு ஒண்டு பாருங்க மகன்.”

நஸ்ரி உடனே ஃபோனை எடுத்து ரிமோட் ஃபேனின் படத்தைத் தேடினான்.

ரிஸ்னா தயங்கினாள். பிறகு கேட்டாள்: “மாமி, பெருநாளுக்கு இறக்கையெல்லாம் கழட்டிக் கழுவினீங்களா?”

“ஓம். வீட்டில உள்ள எல்லா ஃபேனும்தான். ஏன் மகள்?”

நஸ்ரி ஃபோனைப் பைக்குள் வைத்தான். ரிஸ்னா தராசை எடுத்துவரக் குசினிக்குள் போனாள்.