முன்தண்டின் குரல்

பல்லக்கின் முன்தண்டைத் தோளில் வாங்குகிறவனுக்குக் கொக்கு என்று பெயர். கழுத்து அப்படி. பின்தண்டைச் சுமப்பவன் அவன் தங்கை புருஷன். பின்னால் வருகிறவனுக்குப் பல்லக்கின் பலகையைத் தவிர ஒன்றும் தெரியாது. பள்ளமும் கல்லும் முன்னவன் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். "கல்லு இடது" என்று கொக்கு இழுத்தால், மற்ற மூவரும் "ஆமா இடது" என்று கால் மாற்றுவார்கள்.

புதிதாகக் கப்பலிறங்கிய பிரெஞ்சு நீதிபதிக்கு இது பிடிக்கவில்லை. கூலிக்காரர் சத்தம் வெள்ளைக்காரத் தெருவில் கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வாயைக் கட்டிக்கொண்டு தூக்கினார்கள். சில நாளிலேயே மாப்பிள்ளை வாய்க்காலோரம் சறுக்கி விழுந்தான். முழங்கால் வீங்கியது. நீதிபதியின் தொப்பி சேற்றில் போனதற்குப் பிரம்படியும் கிடைத்தது. இன்னொரு தடவை விழுந்தால் சிறைதான் என்று துபாஷி வீட்டுக்கே வந்து சொன்னார். துரை பேச்சை ஊர்ப் பேச்சாக்குவது அவர் உத்தியோகம். பிரம்படிக்கு மட்டும் துபாஷி வேண்டியிருக்கவில்லை என்றாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை கவர்னர் மாளிகையில் விருந்து. மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் தண்ணீர், மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. சந்தை முனையில் மாப்பிள்ளையின் முழங்கால் மடங்கியது. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

கொக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "பள்ளம் வலது" என்று தொண்டை கிழியக் குரல் போட்டான். உள்ளேயிருந்து கைத்தடி பலகையை இடித்தது. பின்னால் நடந்துவந்த துபாஷி ஓடிவந்து வாயை மூடச் சொன்னார். கொக்கு பல்லக்கைத் தண்ணீரின் நடுவிலேயே இறக்கவைத்தான்.

"சொல்லிடுங்க ஐயா. குரல் இல்லாம இந்தத் தண்டு இனி எங்க தோள்ல ஏறாது. முசே துரைக்கு அவசரம்னா நடக்கட்டும்."

"நான் எப்படிடா சொல்றது? உன் முதுகோட என் முதுகும் போயிடும்."

"உங்க முதுகு ஒரு நாளாவது இந்தப் பல்லக்குல சாஞ்சிருக்கா? எங்க பக்கம் நின்னாத்தான் என்ன?"

துபாஷி பல்லக்குப் பக்கம் குனிந்து சொன்னார். எவ்வளவு சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம்.

நீதிபதி தலையை நீட்டித் தண்ணீரைப் பார்த்தார். தம் வெள்ளைப் பட்டுக் காலுறையைப் பார்த்தார். நடந்து விருந்துக்குப் போன நீதிபதி என்றால் சொந்த ஜனமே சிரிக்கும். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"மச்சான், உள்ள தள்ளிடுவாங்க," என்றான் மாப்பிள்ளை மெல்ல.

"உன்னைத் தனியா அனுப்புறதுக்குப் பதிலா நாலு பேரும் போவோம். அப்புறம் இதை யாரு தூக்குவா, துபாஷியா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"குரல் போட்டுத் தொலைக்கச் சொல்றார்," என்றார் துபாஷி, வாய்க்குள்ளேயே.

"சத்தமாச் சொல்லுங்க ஐயா. பின்தண்டுக்காரனுக்குக் கேக்கல."

அவர் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. தண்டு தோளேறியது.

வெள்ளைக்காரத் தெருவில் தளக்கல் பாவியிருந்தது. பள்ளம் என்று ஒன்று மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் கொக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பள்ளம் கண்டுபிடித்தான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதில் குரலில் மாப்பிள்ளையின் தொண்டைதான் எல்லாருடையதையும்விட ஓங்கி நின்றது.